நிலாவெளி படகுப் பயணம்: சுழியோடும் சாமான்களை எப்படிக் கட்டுவது?

தண்ணீரூற்றுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முல்லைத்தீவுப் பக்கம் விவசாயப் போதனாசிரியராக வேலை பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் திருகோணமலையில் ஓப்பன் வாட்டர் என்கிற முதல்படிச் சுழியோடும் பயிற்சியை முடித்தேன். அதற்குப் பிறகு இறங்கியது எல்லாம் சேர்த்து ஒன்பது தடவைதான். பெரும்பாலும் வாடகைச் சாமான். படகுப் பெடியன்கள் மாட்டிவிடுவார்கள், நான் இறங்குவேன், ஏறுவேன், கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

இப்போது நோர்வேயில் இருக்கிற மச்சாள், பிள்ளை பிறந்த பிறகு இனிக் கடல் வேண்டாம் என்று தன்னுடையதை முழுவதும் என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டாள். பிசிடி (காற்றை விட்டு மிதப்பைக் கூட்டிக் குறைக்கிற மேலங்கி), ரெகுலேட்டர் (சிலிண்டர்க் காற்றை மூச்சுக்குத் தருவது), கண்ணாடி, ஃபின்ஸ் (நீந்துகிற காற்துடுப்பு), பூட்டிஸ் (ஃபின்ஸுக்குள் போடுகிற ரப்பர்ச் சப்பாத்து), 3 மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடுப்பு), கையில் கட்டுகிற கம்பியூட்டர் (ஆழமும் நேரமும் காட்டுவது). எல்லாவற்றையும் விறாந்தையில் பரப்பி வைத்தேன். "கலியாண வீட்டுக்குப் போகிறதுக்கும் நீ இவ்வளவு கட்டினதில்லை" என்றா அம்மா.

போன வைகாசியில் புறாத்தீவுக்குப் போனபோது புதிதாக வாங்கிய கண்ணாடியும் ஃபின்ஸும் மட்டும் என்னுடையவை. அந்த இரண்டையே ஒழுங்காக வைத்திருக்கத் தெரியவில்லை. சின்ன ஃபைபர் படகு, ஆறு பேர். பையைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் கொட்டினேன். படகு ஒரு ஆட்டு ஆட்டியதும் ஒரு ஃபின் யாருடைய காலுக்குக் கீழேயோ போய்விட்டது, கண்ணாடி, இடுப்பில் பாரமாகக் கட்டுகிற ஈயப் பட்டிக்குக் கீழே. மற்ற ஐந்து பேரும் விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். குனிந்ததில் சத்தி வேறு. கடைசியில் அவசர அவசரமாக இறங்கினேன், மூச்சு வாங்கியபடியே. மற்றவர்கள் முக்கால் மணித்தியாலம் நின்ற இடத்தில் எனக்கு 28 நிமிடத்திலேயே சிலிண்டரின் அழுத்தம் 50 பாருக்கு இறங்கி, காற்று முடிகிற நிலை. எனக்காக எல்லோரும் மேலே வரவேண்டியதாகிவிட்டது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடுதல் வெட்கம்.

அடுத்த மாதம் இரண்டு நாள் பயணம். முதல் நாள் புறாத்தீவு, அடுத்த நாள் திருகோணமலையில் கோணேசர் மலைக்குக் கீழே கடலில். நாளுக்கு இரண்டு தடவை இறங்குவோம். முல்லைத்தீவில் இருந்து வவுனியா, வவுனியாவில் இருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை, பிறகு நிலாவெளி. மூன்று பஸ்.

என்ன பை நல்லது? எதை மேலே, எதைக் கீழே வைப்பது? படகில் எதை வெளியே எடுக்கலாம்? இன்னொன்று, மச்சாளின் ரெகுலேட்டர் தலையில் தடித்த மரை போட்ட ஆணி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. வாடகைக்குத் தருகிறவற்றில் வளையம் மாதிரி இருக்கும். மொடல் வித்தியாசம் என்று நினைக்கிறேன். ஒன்றரை மாதமாக அதை விறாந்தை ஆணியில் கொழுவி வைத்திருந்தேன். வாய்க்குள் வைக்கிற துண்டில் குளவி மண் வைத்துவிட்டது. காதுக்குச்சியால் சுத்தம் செய்துவிட்டேன். அது பிரச்சினை இல்லைத்தானே?

வவுனியா வடலி:

வலைப்பை வாங்குங்கள். தண்ணீரும் மணலும் தானாக வடிந்துவிடும், வெறுமையாக்கினால் சுருட்டிக் கக்கத்தில் வைக்கலாம். சில்லு வைத்த பெரிய பெட்டியோடு ஒரு வெளியூர்க்காரர் வந்ததை ஒருமுறை பார்த்தேன். அந்தப் பெட்டிக்குத் தனியாக ஒரு இருக்கை வேண்டியிருந்தது.

படகில் உங்கள் பை உங்கள் இரண்டு காலுக்கும் நடுவில். அதற்கு வெளியே உங்கள் பொருள் ஒன்றும் கிடக்கக் கூடாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மரை பற்றி விசயம் தெரிந்த யாராவது சொல்லட்டும். அந்தக் குளவிக் கதை எனக்கு நல்லதாகப் படவில்லை.

பழைய அட்டைக்காரன்:

தங்கச்சி, நீங்கள் பையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் மரையைப் பற்றிச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

அது மொடல் வித்தியாசம் இல்லை. ஐரோப்பாப் பக்கம் கூடுதலாகப் பாவிக்கிற டின் (DIN) மரை அது. சிலிண்டர் வாயின் உட்பக்கத்தில் திருகி ஏற்றுவது. இங்கே படகில் வருகிற அலுமினியச் சிலிண்டர்கள் அநேகமாக வளையத்தைப் போட்டு இறுக்குகிற யோக் வகை. உங்களுடையதைக் கொண்டுபோனால் கடலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சில சிலிண்டர்களின் வாயில் ஒரு உள்துண்டு இருக்கும். ஆறுமூலைச் சாவியால் அதைக் கழற்றினால் டின் மரையும் ஏறும். இல்லையென்றால் டின்னை யோக் ஆக்குகிற பிடி ஒன்று வேண்டும். இன்றைக்கே நீங்கள் போகிற இடத்துக்குப் போன் பண்ணி, சிலிண்டர் எந்த வாய், பிடி இருக்கிறதா என்று கேளுங்கள். வன்னிக்குள் இதை விற்கிற கடை கிடையாது. காற்று கசியாமல் அடைக்கிற சின்ன ரப்பர் வளையம், ஒரு ஓ-ரிங் தேடி நான் முல்லைத்தீவில் இருந்து மோட்டார் சைக்கிளில் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இரண்டாவது குளவி. காதுக்குச்சி எட்டுகிற இடம் வரைக்கும்தான் உங்களுக்குத் தெரியும். அதற்கு உள்ளே மெல்லிய ரப்பர்த் தட்டு ஒன்று இருக்கிறது, நீங்கள் வெளியே விடுகிற மூச்சு போகிற வால்வு. அதன் விளிம்பில் மண் துகள் ஒன்று இருந்தாலே போதும், காற்றோடு உப்புத் தண்ணீரும் தொண்டைக்குள் வரும். ஒன்பது தடவை இறங்கிய பிள்ளைக்கு 12 மீட்டர் ஆழத்தில் அது வந்தால் என்ன செய்யும்? மச்சாள் கடைசியாக எப்போது சேர்விஸ் பண்ணினா என்று கேளுங்கள். வழக்கமாக வருடத்துக்கு ஒருமுறை. என்னுடைய எண்ணம் இதுதான்: இந்தப் பயணத்துக்கு ரெகுலேட்டரை மட்டும் வாடகைக்கு எடுங்கள். உங்களுடையதைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய்ச் சேர்விஸ் பண்ணக்கூடியவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். பாரமும் குறையும்.

சரி, பைக்கு வருவோம்.

நான் 2010க்குப் பிறகு ஆறேழு வருடம் கடல் அட்டைக்கும் சங்குக்கும் இறங்கினவன். இப்போது சீசனுக்குத் திருகோணமலையில் படகில் நிற்கிறேன். அட்டைப் படகில் ஒழுங்கு என்று ஒன்றும் கிடையாது. கிடக்கிறதைத் தூக்கி மாட்டிக்கொண்டு குதிப்போம். ஒரு நாளைக்கு நாலு, அஞ்சு சிலிண்டர். கம்பியூட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. அதன் கூலிதான் என் வலது தோள்: ஆழத்தில் உடம்பில் சேர்ந்த நைதரசன் மேலே வரும்போது குமிழாகிற நோய். திருகோணமலையில் கடற்படையின் அழுத்த அறைக்குள் கிட்டத்தட்ட ஐந்து மணித்தியாலம் படுத்திருந்தேன். கை அசைந்தது, நோ மட்டும் போகவில்லை. வாடைக்காலத்தில் இன்றைக்கும் அது தன் வேலையைக் காட்டும். அதனால் கம்பியூட்டரைப் பையில் போடவே வேண்டாம். வீட்டிலேயே கையில் கட்டிவிடுங்கள், பற்றறி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு.

வலைப்பை காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமென்று இல்லை. பழைய நைலோன் வலைத்துண்டை இரண்டாக மடித்துத் தைத்து, வாய்க்குக் கயிறு கோத்தால் சரி. என்னுடையது அதுதான். தங்கூசி (மெல்லிய ஒற்றை நைலோன் இழை) வலையில் மட்டும் தைக்காதீர்கள், கையை வெட்டும். வெங்காயச் சாக்கும் வேண்டாம், பிசிடியின் பாரத்துக்குத் தையல் விட்டுவிடும். பஸ்ஸுக்கு அந்த வலைப்பையை அப்படியே கழுவின உரப்பைக்குள் இறக்கி வாயைக் கட்டுங்கள். செம்மண் புழுதி உள்ளே போகாது. உரப்பைக்குள் என்ன இருக்கிறது என்று கள்ளனும் பார்க்கமாட்டான். உங்கள் உத்தியோகத்துக்கு உரப்பையோடு போனால் ஒருவரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். ஆனால் ஓப்பன் வாட்டர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். என்னை வழியில் இரண்டு முறை மறித்துப் பையைத் திறக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் சுழியோடும் சாமான் என்றால் அனுமதி இல்லாமல் கடல் அட்டை பிடிக்கப் போகிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

அடுக்குகிறது இப்படி. கடைசியாகப் போடுவது அடியில். ஃபின்ஸ் இரண்டும் பையின் பக்கவாட்டில் நட்டுக்கு நிற்கட்டும், கால் நுழைகிற குழிக்குள் பூட்டிஸைச் செருகுங்கள். கண்ணாடி அதன் பெட்டிக்குள், பெட்டி ஃபின்ஸுக்கு நடுவில். பெட்டி இல்லாமல் கறுப்பு ரப்பரோடு உரச விட்டால் வெள்ளைச் சிலிக்கன் கறுத்துவிடும். மேலே பிசிடியை மடித்து வையுங்கள். முதலில் கையில் வரவேண்டியது அதுதான், ஏனென்றால் முதலில் சிலிண்டரில் ஏறுவது அதுதான். வெட்சூட் பையிலேயே வேண்டாம். நிலாவெளிக் கரையில் இடுப்பு வரைக்கும் இழுத்துவிட்டு ஏறுங்கள். தண்ணீர் 28 பாகை, குளிராது. படகில் நின்று வெட்சூட் போட முயன்று விழுந்தவர்களை நான் எண்ணி முடித்ததில்லை.

பிசிடியும் ரெகுலேட்டரும் சிலிண்டரில் பூட்டியதும் படுக்க வைத்துவிடுங்கள், அல்லது கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். நிற்கிற சிலிண்டரை விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட மற்றப் பக்கம் திரும்பாதீர்கள். பிறகு அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே வாய்த்துண்டில் நாலு மூச்சு இழுங்கள். முள் ஆடினால் சிலிண்டர் வாய் முழுவதும் திறக்கவில்லை என்று அர்த்தம். இதெல்லாம் படகு கரையில் நிற்கும்போதே முடியவேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு நீங்கள் குனியக் கூடாது. போன வைகாசியில் உங்கள் காற்றைக் குடித்தது கடல் இல்லை, அந்தத் தேடல்தான். மூச்சு வாங்கிக்கொண்டே இறங்குகிறவர் நிரம்பிய சிலிண்டரின் 200 பாரையும் அப்படித்தான் முடிப்பார்.

ஈயம் அங்கேயே தருவார்கள், தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பழைய பிசிடியில் எத்தனை கிலோ கட்டினோம் என்ற கணக்கு புதியதுக்குப் பொருந்தாது. 11 லீட்டர் சிலிண்டரில் 200 பாரில் இருக்கிற காற்றே ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. அது தீரத் தீர நீங்கள் மிதக்கப் பார்ப்பீர்கள். அதனால் முதல் தடவை ஏறுவதற்கு முன் 50 பாரில் 5 மீட்டரில் நின்று, நிலையாக நிற்க முடிகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சின்ன டப்பா. பிஸ்கட் டப்பா காணும். அதற்குள் ஓ-ரிங் நாலு, கண்ணாடிக்கு மாற்றுப் பட்டி, ஃபின்ஸ் பட்டி, கேபிள் டை பத்து, குழந்தைச் சாம்பு சின்னப் போத்தல். சாம்பு ஒரு துளி கண்ணாடியின் உள்பக்கம் தேய்த்து அலசினால் புகை பிடிக்காது. எச்சிலும் காணும், நான் எச்சில் கட்சி. நுளம்புக் கிரீம் தடவின கையால் மட்டும் கண்ணாடியையோ கம்பியூட்டரையோ தொடாதீர்கள். அதில் இருக்கிற டீட் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

கடைசியாக, கத்தி. சின்னதென்றாலும் ஒன்று பிசிடியில் இருக்கட்டும். பாறையில் சிக்கிக் கைவிட்ட தங்கூசி தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீரூற்றுக்காரி:

அண்ணை, பையைப் பற்றிக் கேட்கப்போய் உயிர் தப்பியிருக்கிறேன் போல. மச்சாளிடம் கேட்டேன். கடைசியாக சேர்விஸ் பண்ணி நாலு வருடமாம். "உள்ளே பூட்டித்தானே இருந்தது" என்கிறாள். நிலாவெளிக்குப் போன் பண்ணினேன், எல்லாம் யோக் சிலிண்டர், பிடி ஒன்றுதான் இருக்கிறதாம், அதுவும் யாரோ கொண்டுபோய்விட்டார்களாம். ரெகுலேட்டர் வாடகைக்குச் சொல்லிவிட்டேன்.

இரண்டு சந்தேகம். சத்திக்குக் குளிசை எப்போது போடுவது? போனமுறை படகில் ஏறிப் போட்டேன், அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. மற்றது, வந்து கழுவுகிற விசயம். எங்கள் கிணறு சவர் இல்லை, ஆனால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர்.

பழைய அட்டைக்காரன்:

குளிசை படகு ஏறுவதற்கு ஒரு மணித்தியாலம் முன். ஆனால் முதன்முதலாக அன்றைக்குப் போடாதீர்கள். சிலருக்கு நித்திரை தூக்கி அடிக்கும், அந்த மயக்கத்தோடு கீழே போகக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டுப் பாருங்கள். காலையில் இரண்டு இடியப்பம், சம்பல் இல்லாமல். வெறும் வயிறுதான் கூடுதலாகக் குமட்டும். படகில் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு இருங்கள், இஞ்சின் புகை வராத பக்கம்.

கழுவுகிறதை நிலாவெளியிலேயே முடித்துவிடுங்கள், அவர்களிடம் நல்ல தண்ணீர்த் தொட்டி இருக்கும். உங்கள் கிணற்றுச் சுண்ணாம்பு உப்பைவிடப் பரவாயில்லை. ஆனால் பிசிடிக்குள் தண்ணீர் விட்டுக் குலுக்கி, முழுவதும் வடிய விடுங்கள். ரெகுலேட்டர் திரும்பி வந்த பிறகு ஒன்றை மறக்காதீர்கள். தலையின் மூடியைத் துடைத்துக் காயவைத்துப் பூட்டின பிறகுதான் தண்ணீரில் வைக்கவேண்டும். வைத்திருக்கும்போது வாய்த்துண்டின் முன்பக்கப் பொத்தானை அமத்தவே கூடாது, தண்ணீர் குழாய் வழியாகத் தலைக்குள் ஏறிவிடும். அப்புறம் விறாந்தை ஆணியில் கொழுவாதீர்கள். குளவி பார்த்துக்கொண்டிருக்கும்.

பனிநாட்டான்:

ரொறன்ரோவில் இருந்து வருடம் ஒருமுறை வருகிறவன். மச்சாள் மாதிரி யாராவது சாமான் கொண்டுவந்தால் சொல்லுங்கள்: ரெகுலேட்டர், கம்பியூட்டர், ரோர்ச்சின் மாற்று லித்தியம் பற்றறி மூன்றும் கைப்பையில், கத்தி பெரிய பெட்டியில்.

இங்கே யாரும் சொல்லாத ஒன்று. பல நாள் சேர்ந்தாற்போல் இறங்கினால், பிளேன் ஏற குறைந்தது 18 மணித்தியாலம் விடவேண்டும், உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது அண்ணை சொன்ன அந்தக் குமிழ்கள் வரலாம். ஒரே ஒரு தடவை என்றால் 12. உங்களுக்குப் பிளேன் இல்லை, நிலாவெளியில் இருந்து வன்னி வரைக்கும் மட்டமான நிலம், பஸ்ஸில் பயமில்லாமல் வரலாம். ஆனால் போன வருடம் எங்கள் கூட்டத்தில் சிலர் மத்தியானம் கடைசித் தடவை இறங்கிவிட்டு, "வந்ததுதான் வந்தோம்" என்று இரவே நுவரெலியாவுக்கு வான் பிடித்தார்கள். அது 1,800 மீட்டருக்கு மேலே. பிளேனுக்குள் இருக்கிற அழுத்தத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவருக்கு முழங்கையில் நோ தொடங்கியது. மலைநாட்டுத் திட்டம் இருந்தால் கடலை முன்னுக்கு வைக்காதீர்கள்.

கோணேசர் மலைக்குக் கீழே 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள் கிடக்கின்றன. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடும் கூட்டாளி மைக் வில்சனும் இறங்கிப் பார்த்த இடம். தொங்குகிற மேலதிக வாய்த்துண்டையும் அழுத்தமானியையும் பிசிடியில் கொழுவியில் மாட்டிவிடுங்கள், கல்லில் இழுபடாமல்.

தண்ணீரூற்றுக்காரி:

போய் வந்துவிட்டேன். பயணத்துக்கு இரண்டு நாள் முன் விறாந்தையில் முழுவதையும் ஒருமுறை கட்டி அவிழ்த்துப் பார்த்தேன். வலைப்பை மாமாவின் பழைய வலையில் தைத்தது. வவுனியா பஸ்ஸில் கொண்டக்டர் உரப்பையைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு "யூரியாவா, டிஎஸ்பியா?" என்றார். யூரியா என்றேன்.

முதல் நாள் காலை படகு வெளிக்கிடும்போது எல்லாம் பூட்டி முடிந்து, நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இது என் வாழ்க்கையில் முதல்முறை. எனக்குப் பக்கத்தில் இருந்த கொழும்புப் பிள்ளை தன் பையைத் தரையில் கொட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளுடைய கண்ணாடியை மட்டும் எடுத்துப் பிடித்துக்கொண்டேன். 41 நிமிடம், 60 பார் மிச்சம். இரண்டாவது தடவை என்னுடைய கண்ணாடிப் பட்டி கையோடு வந்துவிட்டது, பிஸ்கட் டப்பா திறந்தது. சத்தி வரவில்லை, ஆனால் நித்திரை வந்தது, அண்ணை சொன்னதுபோல. குளிசையை இனிப் பாதிதான்.

கோணேசர் மலையில் கொஞ்சம் கலங்கல். கல் ஒன்றில் கொடி மாதிரி ஒரு வேலைப்பாடு கண்டேன், அல்லது கண்டதாக நினைத்தேன்.

ரெகுலேட்டர் சேர்விசில் இருக்கிறது. அதைத் திறந்தவர் படம் அனுப்பினார். குளவி மண் நான் எடுத்ததைவிட மூன்று மடங்கு உள்ளே இருந்தது, ஒரு சின்னப் புழுக்கூட்டோடு.

இப்போது ஒரே பிரச்சினை பூட்டிஸ். கழுவிக் காயப்போட்டு நாலு நாள், நாற்றம் போகவில்லை. அம்மா அதைக் கோழிக்கூட்டுப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டா. யாருக்காவது வழி தெரியுமா?

பழைய அட்டைக்காரன்:

வெயிலில் போடாமல் நிழலில், தலைகீழாக. அதற்கு முன் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விட்டு அரை மணித்தியாலம் ஊறவையுங்கள். கோழிக்கூட்டில் இருந்து உடனே எடுங்கள், சேவல் கொத்தும்.